மூணு பெல்ட் மாத்தியும் நிக்காத கீச்சு சத்தம்: மௌல்மீன்ல பாத்த ஒரு ப்ரோபாக்ஸ் கேஸ்

இந்த மழைக்கு என் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியோட கதைய மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் எழுதிடறேன். எஞ்சின்ல சுத்தற ரப்பர் பெல்ட் கத்துதுன்னு பெல்ட்டயே மாத்தி மாத்தி காச விட்டவங்க பர்மால நம்ம சனத்துலயே நெறைய பேர் இருக்காங்க. நானும் மொத தடவ தப்பாத்தான் பாத்தேன், அதையும் மறைக்காம சேத்தே எழுதறேன்.

வண்டி டொயோட்டா ப்ரோபாக்ஸ், 1.5 லிட்டர் பெட்ரோல். 2011க்கு அப்புறம் இறக்குமதி லேசானப்ப ஜப்பான்ல இருந்து பழைய வண்டியா வந்து ரங்கூன் மௌல்மீன்னு எல்லா ஊர்லயும் டாக்ஸியா ஓடுதே, அதே மாடல்தான். ஓட்டறவரு முடோன் பக்கம் இருக்கற ஒரு அண்ணன், மௌல்மீன் முடோன் தன்பியூசயாட்னு தெனம் ஆள் ஏத்தி எறக்கறவரு, வண்டி ஒரு நாள் நின்னா அன்னிக்கு வீட்டுல அடுப்பு யோசிச்சு எரியற நெலம. ஜூலை மாசம், வெளுத்து வாங்கற மழைல, காலைல ஏழே முக்கால் இருக்கும், தெரு முனைல திரும்பறப்பவே எனக்கு சத்தம் கேட்டுச்சு. பன்னிய புடிச்ச மாதிரி நீளமா ஒரு கீச்சு, ஆக்ஸிலேட்டர் குடுத்தா ஏறுது விட்டா எறங்குது, டீக்கடைல மோஹிங்கா சாப்டுகிட்டு இருந்தவங்க எல்லாம் திரும்பி பாக்கறாங்க.

"தம்பி, அஞ்சு மாசத்துல மூணு பெல்ட் மாத்திட்டேன்யா. மாத்தினா நாலு நாள் அமைதியா இருக்கும், அப்புறம் மறுபடி இதே கூத்து. பயணிங்க ஏறவே பயப்படறாங்க, வண்டி பாதி வழில நின்னுடுமோன்னு கேக்கறாங்க"ன்னு சொன்னாரு. இதுக்கு முன்னாடி வேற ஒரு பட்டறைல பாத்திருக்காரு. அங்க ஒவ்வொரு தடவையும் பெல்ட்ட மாத்திட்டு, போன தடவைய விட கொஞ்சம் கூட இறுக்கிக் குடுத்திருக்காங்க, கடைசி தடவ பெல்ட் மேல ஒரு ஸ்ப்ரேவும் அடிச்சு அனுப்பிட்டாங்க.

எப்ப கத்துதுன்னு கேட்டேன், காலைல ஸ்டார்ட் பண்ணினதும் கத்தும், ஒரு மணி நேரம் போல ஓடினா அடங்கிடும், அப்புறம் மத்தியானம் சாயங்காலம் ஒண்ணும் இருக்காது, மழை பலமா பேஞ்சா மட்டும் பகல்லயும் கத்தும்னாரு. இந்த பதில்லயே பாதி விடை இருந்துச்சு. நான் மழைங்கற பாதிய மட்டும் புடிச்சுகிட்டு காலைங்கற பாதிய விட்டுட்டேன்.

சத்தத்துலயும் ஜாதி இருக்கு, அத மொதல்ல பிரிச்சுக்கணும். சிட்டுக்குருவி கத்தற மாதிரி விட்டு விட்டு கிச் கிச்னு வந்தா, அதுவும் எஞ்சின் மெதுவா நிக்கறப்ப நல்லா கேட்டா, புல்லிங்க, அதாவது பெல்ட் ஓடற சக்கரங்க, ஒரே நேர்கோட்டுல இல்லாம பெல்ட் கோணலா ஏறி எறங்குதுன்னு சந்தேகப்படலாம். நீளமா இழுத்து கீச்சுன்னு வந்தா, லோடு ஏறறப்ப அதிகமானா, பெல்ட் புல்லி மேல வழுக்குது. கரகரன்னு அடித்தொண்டைல உறுமினா அது பெல்ட்டே கெடையாது, ஏதோ ஒரு பேரிங். தண்ணி டெஸ்ட்டும் உண்டு, எஞ்சின் ஓடறப்ப ஒரு ஸ்ப்ரே பாட்டில்ல சுத்தமான தண்ணிய பெல்ட்டோட பள்ளம் இருக்கற உள்பக்கம் லேசா பீச்சணும், சத்தம் கொறஞ்சு கொஞ்ச நேரத்துல திரும்ப வந்தா கோணல், தண்ணி பட்டதும் இன்னும் பலமா கத்தினா டென்ஷன் (பெல்ட்டோட இறுக்கம்) பத்தல, வழுக்குது. இத பண்றப்ப லுங்கி கட்டிகிட்டு பானெட்டுக்குள்ள குனியாதீங்க, தயவு செஞ்சு. நம்ம ஊர்ல பாதி பேர் லுங்கிலதான் வேல பாக்கறோம். அந்த முந்தி ஒரு செகண்ட் பெல்ட்டுல மாட்டினா இழுத்துகிட்டு போயிடும். நான் பட்டறை பையன்கிட்ட சொல்லிட்டு, பேன்ட் மாத்திகிட்டு வந்துதான் இந்த டெஸ்ட்ட பண்ணினேன்.

தண்ணி பட்டதும் சத்தம் ரெண்டு மடங்கா ஆச்சு. சரி, வழுக்கல்தான்.

எஞ்சின நிறுத்திட்டு பெல்ட்ட கழட்டி கைல வச்சு பாத்தேன். புதுசா போட்டு ஒரு மாசம்கூட ஆகல, உள்பக்கம் பள்ளத்தோட ரெண்டு சரிவும் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு, வெரலால தடவினா ரப்பர் மாதிரியே தெரியல, மெழுகு தடவின பிளாஸ்டிக் மாதிரி வழவழங்குது. ஓரத்துல அந்த ஸ்ப்ரே பிசுக்கு தூசியோட சேந்து கறுப்பு மாவு மாதிரி அப்பியிருக்கு. விரிசல் ஒண்ணுகூட இல்ல. விரிசல் இல்லேன்னா பெல்ட் நல்லா இருக்குன்னு நெனக்கற பழக்கம் பழைய காலத்து நியோப்ரீன் பெல்ட்டோட வந்தது, அது வயசானா வெடிக்கும், நாம எண்ணி பாத்து மாத்துவோம். இப்ப வர்றது பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர், அது வெடிக்காது, டயர் மாதிரி தேயும். தேஞ்சா பள்ளம் அகலமாகி பெல்ட் புல்லிக்குள்ள ஆழமா உக்காந்துடும், அப்ப சரிவுல புடிக்க வேண்டிய எடத்துல புடிக்காம வழுக்கும். பாக்க புதுசு மாதிரியே இருக்கும், வேலைக்கு ஆகாது. இந்த பெல்ட் தேயற அளவுக்கு ஓடவே இல்ல, வழுக்கி வழுக்கி சூட்டுல வெந்து போயிருக்கு.

இந்த எஞ்சின்ல ஒரே பெல்ட்தான் கிராங்க்ல (எஞ்சினோட முக்கிய தண்டு) இருந்து கரெண்டு எடுக்கற ஆல்ட்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரெஸர் மூணையும் சுத்துது. தானா இறுக்கற டென்ஷனர் கெடையாது, ஆல்ட்டர்னேட்டர் போல்ட்ட தளத்தி அதையே வெளிப்பக்கம் இழுத்து வச்சு டென்ஷன் குடுக்கணும். அதனால இறுக்கறது முழுக்க ஆளோட கைப்பக்குவம்தான். பெல்ட் கழட்டி இருக்கறப்பவே ஒவ்வொரு புல்லியையும் கையால சுத்தி பாத்தேன், இது ரெண்டு நிமிஷ வேல, பண்ணாம பெல்ட் போடவே கூடாது. ஏசி சரி. வாட்டர் பம்ப் ஆடல, ஆனா அடில இருக்கற சின்ன ஓட்டைக்கு கீழ கூலன்ட் கசிஞ்சு காஞ்சு போன ரோஸ் கலர் கறை ஒரு நகம் அளவுக்கு. ஆல்ட்டர்னேட்டர சுத்தினா உள்ள மணல் கெடக்கற மாதிரி கைக்கு தெரியுது. முன் பேரிங் போயிட்டு இருக்கு. மூணு தடவையும் கம்பி போட்டு நெம்பி இறுக்கினதோட விளைவு இது, பெல்ட்ட எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமா இழுக்கறமோ அந்த பாரம் முழுக்க பேரிங் தலைலதான் விழும்.

அப்புறம் கீழ படுத்து பாத்தா வலது முன் சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் மறைப்பு இல்லவே இல்ல, ரெண்டு கிளிப் மட்டும் தொங்குது. இது நம்ம நாட்டு வண்டிங்களுக்குனே இருக்கற பிரச்சன. 1970ல இருந்து பர்மால ரோட்டோட வலது பக்கம்தான் ஓட்டறோம், வண்டி ஜப்பான்ல இருந்து வந்ததால ஸ்டீயரிங்கும் வலது பக்கம், டிரைவர் சாக்கடை ஓரமா உக்காந்து ஓட்டறாரு. இந்த எஞ்சினோட பெல்ட் பக்கமும் அதே வலது பக்கம்தான். ரோட்டு ஓரத்துல தேங்கற தண்ணில ஓடற சக்கரம் எதுவோ அதுக்கு பின்னாடியேதான் பெல்ட் இருக்கு. மௌல்மீன்ல வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல மழை, அதுல பெரும்பங்கு ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் கொட்டிடும், மறைப்பு இல்லேன்னா சக்கரம் சேத்து தண்ணிய வாளி வாளியா பெல்ட்டுக்கு ஊத்தும்.

ஆக எனக்கு விடை கெடைச்சிருச்சுன்னு நெனச்சேன், மறைப்பு இல்ல, தண்ணி ஏறுது, ஸ்ப்ரே பிசுக்கு வேற, அதனால வழுக்குது. மனசுக்கு ரொம்ப திருப்தியா இருந்துச்சு. புல்லி பள்ளத்துல ஒட்டியிருந்த பிசுக்க பித்தளை பிரஷ் போட்டு பிரேக் கிளீனர் அடிச்சு தொடச்சேன், பெட்ரோல் படாம பாத்துகிட்டேன், பெட்ரோல் ரப்பர ஊத வச்சிடும். நேரான ஒரு பட்டைய வச்சு புல்லிங்க ஒரே கோட்டுல இருக்கான்னு பாத்தேன், இருந்துச்சு. பழைய வண்டி ஒண்ணுல இருந்து மறைப்பு எடுத்து மாட்டினேன். பேரிங்கும் பெல்ட்டும் ரங்கூன்ல சொல்லி விட்டேன், அவுங் மிங்கலா பஸ் ஸ்டாண்டுல சாயங்காலம் ஏத்தினா சுமார் 300 கிலோமீட்டர், மறுநாள் காலைல இங்க கைக்கு வந்திடும்.

பெல்ட் போட்டதும் டென்ஷன ரெண்டு தடவ பாக்கணும். டொயோட்டா கணக்குல எஞ்சின்ல 5 நிமிஷம் ஓடாத வரைக்கும்தான் அது புது பெல்ட், 5 நிமிஷம் ஓடிட்டாலே பழைய பெல்ட்னு வேற அளவு குடுத்திருப்பாங்க, ஏன்னா அந்த மொத சில நிமிஷத்துலயே பெல்ட் பள்ளத்துல உக்காந்து தளந்துடும். மாட்டி, ஓட விட்டு, நிறுத்தி, மறுபடி பாத்து இறுக்கணும். டென்ஷன் மீட்டர் இல்லாதவங்க ரெண்டு புல்லிக்கு நடுவுல நீளமான எடத்துல கட்டை வெரலால அழுத்தி ஒரு 10 மில்லிமீட்டர் பக்கம் உள்ள போகுதான்னு பாப்பாங்க, இல்லேன்னா ரெண்டு வெரலால திருகி கால் சுத்துக்கு மேல திரும்பாம இருக்கான்னு பாப்பாங்க. நானும் அப்படித்தான். பண்ணிக் குடுத்தேன், வண்டி சத்தமே இல்லாம போச்சு, அண்ணன் கைய புடிச்சுகிட்டாரு.

அஞ்சாவது நாள் காலைல தெரு முனைல அதே கீச்சு.

அந்த நிமிஷம் எப்படி இருந்துச்சுன்னு மெக்கானிக்கா இருக்கறவங்களுக்கு தெரியும். அவரு கோவப்படல, "தம்பி, மறுபடியும்யா"ன்னு மட்டும் சொல்லிட்டு பெஞ்சுல உக்காந்துட்டாரு. பானெட்ட தொறந்தா மறைப்பு நல்லா இருக்கு, பெல்ட் காஞ்சிருக்கு, அன்னிக்கு மழையே இல்ல, டென்ஷன் நான் வச்ச எடத்துலயே இருக்கு. ஆனா கீச்சு வருது, ஆல்ட்டர்னேட்டர் புல்லி பக்கம் லேசா ரப்பர் எரியற வாட. அரை மணி நேரம் ஓட விட்டேன், அடங்கிடுச்சு. அடங்கினதுக்கு அப்புறம் ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு பாத்தேன், கத்தவே இல்ல. அதான் எனக்கு புரியாம போச்சு.

"அண்ணே, இன்னிக்கு வண்டிய விட்டுட்டு போங்க, காலைல குளிர்ந்த எஞ்சின்ல நானே ஸ்டார்ட் பண்ணி பாக்கறேன்"ன்னேன். அவருக்கு ஒரு நாள் வருமானம் போகும்னு தெரியும், என் மோட்டார் சைக்கிள குடுத்து அனுப்பினேன். மறுநாள் காலைல ஆறு மணிக்கு சாவி போட்டேன், ஒரே சுத்துல எஞ்சின் புடிச்சுது, சத்தம் இல்ல. ஒரு சின்ன கிச்கூட இல்ல. லைட்ட போட்டு ஆக்ஸிலேட்டர மிதிச்சேன், இல்ல. இன்னும் ஒரு ராத்திரி வச்சிருந்து பாத்தேன், அன்னிக்கு பேய் மழை, அப்பவும் இல்ல. என் பட்டறைல ரெண்டு ராத்திரி தூங்கின வண்டி கத்தல, அவரு வீட்டுல தூங்கினா கத்துது. பெல்ட்டுக்கு எங்க தூங்கறோம்னு தெரியுமா என்ன? அப்பதான் காலை, காலைன்னு அவரு மொத நாளே சொன்னது காதுல விழுந்துச்சு.

வண்டிய திருப்பிக் குடுத்து, மறுநாள் காலைல வீட்டுல இருந்து நேரா இங்க வாங்க, எங்கயும் நிறுத்தாதீங்கன்னேன். ஏழு அம்பதுக்கு வந்தாரு, கத்திகிட்டே. இந்த தடவ நான் பானெட்ட தொறக்கல, மொதல்ல டிரைவர் சீட்ல உக்காந்தேன். ரேடியோல இருக்கற கடிகாரம் 1:42 காட்டுது. என் பட்டறை பையன், மோன் இனத்து பையன், எட்டிப் பாத்துட்டு "சயா (வாத்தியாரே), மணி தப்பு"ன்னான். பேட்டரி ஒயர கழட்டி மாட்டினா இந்த ரேடியோ 1 மணியில இருந்து ஓட ஆரம்பிக்கும். அப்ப 42 நிமிஷத்துக்கு முன்னாடி, அதாவது ஏழு மணி எட்டு நிமிஷத்துக்கு, யாரோ பேட்டரிய மாட்டியிருக்காங்க.

எறங்கி பேட்டரிய பாத்தேன், இத மொத நாளே பாத்திருக்கணும். அந்த எஞ்சின் ரூம்ல எல்லா போல்ட்டும் துரு, எல்லாத்து மேலயும் சேறு, ஆனா பேட்டரி டெர்மினல் நட்டு ரெண்டு மட்டும் வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கு, தெனம் ஸ்பேனர் படற நட்டு மட்டும்தான் அப்படி இருக்கும். ஈயக் கம்பத்துல ரவுண்டு ரவுண்டா கீறல், கழட்டி மாட்டி தேஞ்சு கம்பமே ஒரு பக்கம் சப்பையா போயிருக்கு. பேட்டரிய புடிக்கற கம்பி இல்ல, அதுக்கு பதிலா ரப்பர் கயிறு.

"அண்ணே, ராத்திரி பேட்டரிய கழட்டறீங்களா?"

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "கரெண்டு இல்லய்யா. பாப்பா இந்த வருஷம் பத்தாவது, ராத்திரி படிக்கணும், எங்க அம்மாவுக்கு ஃபேன் இல்லாம மூச்சு முட்டுது. இன்வெர்ட்டர் ஒண்ணு வச்சிருக்கேன், வண்டி பேட்டரிலதான் ஓட்டறேன். அதுக்கும் பெல்ட்டுக்கும் என்ன தம்பி சம்பந்தம்?"னு கேட்டாரு.

சம்பந்தத்த அவருக்கு சொன்ன மாதிரியே இங்கயும் சொல்றேன். ஃபேன் ஒரு 40 வாட், ரெண்டு எல்இடி பல்பு 18 வாட், மொத்தம் 58. பன்னெண்டு வோல்ட்டுக்கு அஞ்சு ஆம்பியர் ஆகுது, இன்வெர்ட்டர் திங்கறதையும் சேத்தா ஆறு. நாலு மணி நேரம் ஓடினா 24 ஆம்பியர்-ஹவர் போயிடும். அந்த வண்டி பேட்டரி புதுசா இருந்தப்பவே 35தான். அதாவது தெனம் ராத்திரி மூணுல ரெண்டு பங்க உறிஞ்சிட்டு காலைல திரும்ப வண்டில மாட்டறாரு. எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் ஆல்ட்டர்னேட்டர் அந்த காலி பேட்டரிய ரொப்ப ஒரே மூச்சா எறங்குது.

ஆல்ட்டர்னேட்டர் கரெண்ட சும்மா குடுக்கறதில்ல, குடுக்கற ஒவ்வொரு ஆம்பியருக்கும் அது சுத்தறதுக்கு கனமாகுது. 80 ஆம்பியர் ஆல்ட்டர்னேட்டர் 14 வோல்ட்ல முழுசா குடுத்தா 1,120 வாட், அதோட திறன் பாதிக்கு கொஞ்சம் மேலதான், அப்ப பெல்ட் இழுக்க வேண்டியது 2,000 வாட் பக்கம், ரெண்டரை குதிரை சக்திக்கு மேல. இத்தனையும் இருக்கறதுலயே சின்ன புல்லி வழியா போகணும், பெல்ட் அதுல சுத்தி புடிச்சிருக்கற எடமும் கம்மி, எஞ்சின் நிமிஷத்துக்கு 750 சுத்தறப்ப அந்த சின்ன புல்லி 2,000 பக்கம் சுத்திகிட்டு இருக்கும். எங்க மொதல்ல வழுக்கும்னு கேட்டா அங்கதான் வழுக்கும். வழுக்கினா சூடு, சூட்டுல பெல்ட்டோட மேல்தோல் வெந்து கண்ணாடியாகும், கண்ணாடியானா இன்னும் சுலபமா வழுக்கும், அதுக்கு நாலு நாள் போதும். ஒரு மணி நேரம் போல ஓடினா பேட்டரி ஓரளவு ரொம்பி இழுக்கறத கொறச்சிடும், பெல்ட் அமைதியாயிடும். என் பட்டறைல ரெண்டு ராத்திரி பேட்டரி வண்டிலயே இருந்துச்சு, ரொம்பியும் இருந்துச்சு, அதான் கத்தல.

வாய்ல சொன்னா பத்தாதுன்னு அளந்தும் காட்டினேன். மறுநாள் காலைல அவரு வீட்டுக்கே போயிட்டேன். பேட்டரிய மாட்டறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சா 11.8 வோல்ட், ரொம்பின பேட்டரி 12.6 காட்டணும். ஸ்டார்ட்டர் ரெண்டு தடவ இழுத்து மூணாவதுலதான் எஞ்சின் புடிச்சுது. ஒயர கழட்டாமலே கரெண்ட அளக்கற டிசி கிளாம்ப் மீட்டர ஆல்ட்டர்னேட்டர் ஒயர்ல மாட்டி கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் குடுத்தா 54 ஆம்பியர், கீச்சு காத கிழிக்குது. பேட்டரிக்கு போற ஒயர கழட்டாதீங்க, எஞ்சின் ஓடறப்ப அத கழட்டி டெஸ்ட் பண்றது பழைய காலத்து வழக்கம், இப்ப இருக்கற வண்டில கம்ப்யூட்டர் போயிடும். நான் வேற வழி பண்ணினேன், நிறுத்திட்டு என் மோட்டார் சைக்கிள் பின்னாடி கட்டிகிட்டு போன ரொம்பின பேட்டரிய அவரு வண்டில வச்சு ஸ்டார்ட் பண்ணினேன். 13 ஆம்பியர், சத்தம் இல்ல. அதே பெல்ட், அதே எடம், அதே காலை. திரும்ப அவரோட பேட்டரிய வச்சேன், கத்துச்சு. அண்ணனோட பொண்ணு புஸ்தகத்த கைல வச்சுகிட்டு வாசல்ல நின்னு பாத்துகிட்டு இருந்துச்சு, "அப்பா, அப்ப நான் படிச்சதாலயா?"னு கேட்டுச்சு. இல்லம்மா, உங்க வீட்டுக்கு தனியா ஒரு பேட்டரி வேணும், அவ்வளவுதான்னு சொன்னேன். அண்ணனோட வீட்டுக்கார அக்கா எனக்கு டீ போட்டு குடுத்தாங்க, நான் குடிச்சு முடிக்கற வரைக்கும் யாரும் ஒண்ணும் பேசல.

வண்டி பேட்டரிங்கறது ஸ்டார்ட்டருக்கு ரெண்டு செகண்ட் பலமா குடுத்துட்டு உடனே ரொம்பிக்கறதுக்காக செஞ்சது. உள்ள தகடுங்க மெல்லிசா நெறைய இருக்கும். ராத்திரி முழுக்க மெதுவா உறிஞ்சறதுக்கு அது தோதுப்படாது, தெனம் காலி பண்ணினா சில மாசத்துலயே தகட்டுல சல்பேட் படிஞ்சு, எவ்வளவு ரொப்பினாலும் கொள்ளாது. அவரு பேட்டரி அந்த கட்டத்துலதான் இருந்துச்சு, பகல் முழுக்க முடோன் தன்பியூசயாட்னு ஓடியும் சாயங்காலம் 12.3 தாண்டல.

அப்புறம் செஞ்சது இதுதான். வீட்டுக்கு மொத்தமா தனி பேட்டரி, இன்வெர்ட்டருக்குனே வர்ற கனமான தகடு வச்சது, அவரு தங்கச்சி மாப்பிள்ளைகிட்ட பழைய சோலார் தகடு ஒண்ணு சும்மா கெடந்துச்சு, அத கூரைல ஏத்தி கண்ட்ரோலரோட இணைச்சோம், கரெண்டு வர்றப்ப சார்ஜர்ல போட்டுக்கலாம். வண்டிக்கு வேற பேட்டரி, கம்பம் சப்பையாகாதது, புடிக்கற கம்பியோட. ஆல்ட்டர்னேட்டர் முன் பேரிங்க மாத்தினது ஏற்கனவே மொத தடவையிலயே முடிஞ்சிருச்சு. நான் போட்ட பெல்ட் அஞ்சு நாள்ல வெந்து போயிருந்ததால அத என் செலவுல மாத்தினேன், என் கணிப்பு தப்பானதுக்கு அவரு ஏன் காசு குடுக்கணும். டென்ஷன அளவா வச்சேன், முன்னாடி வச்சத விட ஒரு நூல்கூட அதிகம் இல்ல.

அந்த மொத பட்டறைய நான் திட்டறதுக்கில்ல, கத்தற பெல்ட்ட பாத்தா யாருக்கும் கை பெல்ட்டுக்குதான் போகும், எனக்கும் போச்சு. ஆனா அந்த ஸ்ப்ரே மட்டும் வேணாம்னு கெஞ்சி கேக்கறேன். பெல்ட் டிரெஸ்ஸிங்னு டப்பால வர்றது, சோப்பு, மெழுகுவத்தி, எதுவா இருந்தாலும் சத்தத்த கொஞ்ச நேரம் மூடும், தூசிய புடிச்சு அப்பிக்கும், அடுத்து வர்ற மெக்கானிக் என்ன நடந்துச்சுன்னே கண்டுபுடிக்க முடியாம போயிடும். பெல்ட் பிஞ்சா அந்த வண்டில வாட்டர் பம்பும் நிக்கும், தன்பியூசயாட் ரோட்டுல ஆள் ஏத்திகிட்டு போறப்ப எஞ்சின் கொதிச்சா ஹெட்டே போயிடும், அந்த அண்ணனுக்கு அதுக்கப்புறம் வண்டியே இல்ல.

மொத நாள் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விங்க எனக்கு இப்ப வரிசையா மனப்பாடம். எத்தன மணிக்கு கத்துது, எவ்வளவு நேரம் கத்துது, ஸ்டார்ட்டர் ஒரே தடவைல புடிக்குதா, ரேடியோ கடிகாரம் சரியா இருக்கா, வீட்டுல கரெண்டு இல்லாதப்ப என்ன பண்றீங்க. கடைசி கேள்விய கேக்கறப்ப கொஞ்சம் மரியாதையா கேக்கணும், ஏன்னா வண்டி பேட்டரிய வீட்டுக்கு எடுக்கறத வெளிய சொல்ல நெறைய பேர் கூச்சப்படறாங்க. இந்த கேஸுக்கு அப்புறம் கேட்டதுல இன்னும் ரெண்டு வண்டிக்காரங்க அதே பதில சொன்னாங்க, ஒருத்தரு டவுன்ஏஸ் வேன் வச்சிருக்காரு, அது பழைய வி பெல்ட், அதுவும் காலைல மட்டும்தான் கத்துச்சு. அவருக்கு பெல்ட் தொடவே இல்ல, பேட்டரிய ஒரு ராத்திரி முழுக்க சார்ஜர்ல போட்டு மாட்டினதுல நின்னுடுச்சு.

தீபாவளிக்கு முந்தின வாரம் அண்ணன் ஆயில் மாத்த வந்தாரு. வண்டி வந்து நின்னதே எனக்கு தெரியல, ஹாரன் அடிச்சுதான் கூப்ட்டாரு. ரேடியோ கடிகாரம் சரியா காட்டுது. பேட்டரி 12.6. பெல்ட்ட திருப்பி பாத்தேன், பள்ளத்து சரிவு மங்கலா ரப்பர் நெறத்துல, வெரல் வச்சா புடிக்குது. கீழ குனிஞ்சப்ப வாட்டர் பம்ப் ஓட்டைக்கு கீழ அந்த ரோஸ் கறை மட்டும் ஒரு நகத்துல இருந்து ரெண்டு வெரல் அளவுக்கு வளந்திருந்துச்சு, அதிகமா இறுக்கின காலத்துல சீல் வாங்கின அடியா இருக்கும். பம்புக்கு ரங்கூன்ல சொல்லியிருக்கேன், வியாழக்கிழம பஸ்ல வருது, அதுவரைக்கும் தெனம் காலைல ரேடியேட்டர் தண்ணிய பாத்துட்டு கெளம்புங்கண்ணேன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.